மழைப் பாட்டு இல்லாத கேசட்

எங்கள் அண்ணன் சிராஜுதீன் செஞ்சியில் வீடியோ கடை வைத்திருந்தார். திருவிழா, கல்யாணம் என்றால் டிவி, கேசட், அதை ஓட்டும் டெக் எல்லாவற்றையும் வேனில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டுவார். செஞ்சிக் கோட்டை நிற்கும் ராஜகிரி மலையே தன் பேரில் பட்டா ஆனதுபோல் நடப்பார். நடக்கட்டும், அவருக்குத் தகும். எந்தக் கேசட்டையும் தான் முழுக்கப் பார்க்காமல் வெளியே விடமாட்டார். படத்துக்குக் குறுக்கே யாருடைய தலையாவது போனாலோ, முகமெல்லாம் பச்சையாகத் தெரிந்தாலோ, பாண்டிச்சேரிக்கே பஸ் ஏறிப் போய், வாங்கிய இடத்தில் சண்டை போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவார்.

"சினிமா கொட்டாயில பாத்த மாதிரியே இருக்கணும். இல்லன்னா நம்ம பேரு கெட்டுடும்" என்பார்.

எண்பத்தாறாம் வருஷம் தொண்டூர் அம்மன் திருவிழாவில் மட்டும் அந்த வழக்கம் தவறிவிட்டது. அதுவரை அந்த ஊருக்குத் திண்டிவனத்து வீடியோக்காரர்தான் போய்க்கொண்டிருந்தார். அங்குள்ள ரசிகர் மன்றத் தலைவர் பாவாடை எங்கள் கடைக்கு வந்து ஒரு படத்தைக் கேட்டதும், சந்தோஷத்தில் அண்ணன் கேசட் கைக்கு வருமுன்பே வாக்குக் கொடுத்துவிட்டார். கேசட் திருவிழா அன்று காலையில்தான் வந்தது. போட்டுப் பார்த்தோம். படம் கண்ணாடி மாதிரி இருந்தது. பாதியில் கதாநாயகன் குடையை விரித்தான். அடுத்த நொடி சொட்டச் சொட்ட நனைந்து வீட்டுக்குள் வந்தான். நடுவில் மழைப் பாட்டைக் காணோம்.

"போச்சு, முன்னி" என்றார் அண்ணன் என்னிடம். "அந்தப் பாட்டுக்காகத்தான் அவனுங்க இந்தப் படத்தையே கேட்டானுங்க."

"யாருக்குடா தெரியப்போவுது? சும்மா போட்டுடு" என்றார் அம்மா.

"யாருக்கா? வசனத்தையே மனப்பாடமா சொல்றவனுங்கம்மா."

போகாவிட்டால் கைக்கு வந்த ஊர் மறுபடி திண்டிவனத்தாருக்குப் போய்விடும். மறைத்துப் போட்டால் சுற்றுவட்டாரமே ஏசும். அண்ணன் டிவியை வேனில் ஏற்றினார். நானும் அம்மாவும் கூடப் போனோம்.

விளக்கு வைக்கும் நேரத்தில் கோயில் முன்னால் ஜனம் நிறைந்துவிட்டது. டிவிக்கு மாலை போட்டுச் சூடம் காட்டினார்கள். மழைப் பாட்டுக்கு வீசுவதற்காகப் பாவாடை ஒரு கோணி நிறையக் காகிதத் துண்டுகளோடு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

அண்ணன் மைக்கை வாங்கினார். "மழைப் பாட்டு இந்தக் கேசட்ல இல்ல. பாக்காம வாக்கு குடுத்தது என் தப்பு. வேணும்னா போடறேன், வேணாம்னா மூட்ட கட்டறேன்."

ஒரே கூச்சல்.

"இன்னா பாய், கறி இல்லாத பிரியாணியா?"

"பாட்ட உன் தங்கச்சி கல்யாணத்துக்கு எடுத்து வச்சிக்கினியா?"

நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

பாவாடை எழுந்தார். "டேய், சும்மா இருங்கடா! போன வருஷம் வந்தவன் ரெண்டு பாட்ட முழுங்கிட்டு வாயே தொறக்கல. பாய் முன்னாடியே சொல்றாரு இல்ல?" பிறகு மைக் செட் காமராஜைப் பார்த்தார். "அந்தப் பாட்டு ரெக்கார்டு உங்கிட்ட இருக்குதா?"

"காலையிலேர்ந்து அதத்தான ஓட்டிக்கினு இருக்கறேன்!"

படம் ஓடியது. குடை விரிந்ததும் அண்ணன் டெக்கை நிறுத்திப் பிடித்தார். திரையில் கதாநாயகன் முகம் நடுங்கியபடி நின்றது. குழாய் ஸ்பீக்கரில் பாட்டு அலறியது. மொத்தக் கூட்டமும் எழுந்து ஆடியது. கோணி காலியானது. மழைப் பாட்டு ஆயிற்றே என்று எவனோ குடத்துத் தண்ணீரை வாரி இறைக்க, அண்ணன் "ஐயோ, டெக்கு!" என்று கத்திக்கொண்டு துண்டைப் போர்த்தி அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

படம் முடிந்ததும் பாவாடை, தலையெல்லாம் காகிதத்தோடு வந்தார். "பாய், அடுத்த வருஷமும் நீதான் வரணும்."

"படம் எதுன்னு சொல்லு. கேசட்ட பாத்துட்டுதான் வாக்கு" என்றார் அண்ணன், நனைந்த சட்டையைப் பிழிந்தபடி.

சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பு அடங்கவே இல்லை. அம்மா பக்கத்திலிருந்த பெண்கள் பக்கம் திரும்பி, யாரும் கேட்காமலேயே, "என் புள்ள" என்றார்.