ஆறு ஆணிகளும் ஒரு பாவாடையும்

திருவனந்தபுரத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மனையில் மூன்று மாதமாக ஒரு வீடு எழும்பிக்கொண்டிருக்கிறது. வேலை செய்கிறவர்கள் எல்லாரும் வங்காளப் பக்கத்துப் பிள்ளைகள். முந்தாநாள் காலைத் தேநீர் நேரத்தில் அவர்களில் ஒருவன் எங்கள் மதிலோரம் வந்து நின்று, ஒரு சின்னக் கவுனை உறையிலிருந்து பிரித்துக் கைபேசிக்கு முன்னால் விரித்துக் காட்டினான். திரையில் ஒரு பெண் குழந்தை. அவன் பேசியதில் ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியவில்லை. ஆனால் மதிலைத் தாண்டி வந்த கோடித்துணி வாடை புரிந்தது. மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று தினமும் தேடுகிற ஆள் நான். அந்த வாடையை மட்டும் தேட வேண்டியிருக்கவில்லை.

சுதந்திரம் வந்த மறு வருஷம், பதினெட்டு வயதில், நாங்குநேரிப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவுக்கு வந்தேன். எங்கள் ஊர் மழையை நம்பிய ஊர். மழையோ எங்கள் பக்கம் வர ரொம்ப யோசிக்கும். திருவிதாங்கூர் எல்லையில், ஆராம்பொழிச் சுங்கச் சாவடியில் என் தகரப்பெட்டியைத் திறந்து பார்த்த காவலாளி, இரண்டு வேட்டியையும் ஒரு பொட்டலம் புளிச்சோற்றையும் கண்டு ஏமாந்து போய் மூடினான். துணிக்கடையில் வேலை. முதல் நாள் நான் கிழித்த துணி கோணிக்கொண்டு போனது. அது பல மாதம் கடை துடைக்கும் துணியாகக் கிடந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

கடைக்கு மேலே மாடியில் நாங்கள் ஆறு பேர். எல்லாரும் ஒரே ஊர். பெண்டு பிள்ளைகள் ஊரில், நாங்கள் இங்கே. மாதம் ஒருவர் ஊருக்குப் போய் ஐந்து நாள் இருந்துவிட்டு வரலாம். அதற்கு முறை என்று பெயர். போகிறவர் ஆறு வீட்டுக்கும் சேர்த்து மூட்டை கொண்டுபோவார். துணி, ஏத்தங்காய் உப்பேரி, தேங்காயெண்ணெய், கடிதம். என் முறைக்குப் போனபோதெல்லாம் ஊரைப் பார்த்து மலைத்திருக்கிறேன். ஓலைக் கூரைகள் ஓட்டுக் கூரைகளாகிக்கொண்டிருந்தன. பள்ளிக்கூடத்துக்குச் சுவர் வந்தது, தெருவுக்கு ஒரு கிணறு வந்தது. எல்லாம் சாலைக் கடைகளில் கால் கடுக்க நின்றவர்கள் அனுப்பியது. அந்த ஆட்களை இன்றைக்கு நினைத்தாலும் கை தானாகக் குவிகிறது.

மாடிச் சுவரில் ஆளுக்கொரு ஆணி. வீட்டில் பிள்ளைகளைத் தோளிலிருந்து கணுக்கால் வரை நூலால் அளந்து, இடுப்பு வருமிடத்தில் ஒரு முடிச்சுப் போட்டு, கடிதத்தோடு மடித்து அனுப்புவார்கள். அந்த அளவுக்குத் துணி தைத்து அனுப்ப வேண்டும். தைத்தபின் நூலை யாரும் எறிவதில்லை, ஆணியில் தொங்கவிடுவோம். புது நூல் வந்ததும் பழைய நூலோடு சேர்த்துப் பிடித்துப் பார்ப்பார்கள். பிள்ளை அங்கே வளர்ந்தது இங்கே இரண்டு விரற்கடையாகத் தெரியும். அன்றைக்கு அந்த மனிதர் கூடக் கொஞ்சம் சோறு சாப்பிடுவார்.

கல்யாணமாகாத என் ஆணியில்கூடத் தங்கையின் நூல் தொங்கியது. சங்கரலிங்கம் அண்ணாச்சியின் ஆணியில் மட்டும் நூல் கிடையாது. அவர்தான் கடையின் பெரிய விற்பனைக்காரர். கஜக்கோலைத் தொட மாட்டார். பிள்ளையோடு வரும் அம்மாவிடம் மலையாளத்தில் இரண்டு வார்த்தை பேசி, பிள்ளையை ஒரு பார்வை பார்த்துத் துணியைக் கிழித்தால் தையற்காரருக்கு ஒரு விரல் மிஞ்சாது, ஒரு விரல் குறையாது. சுற்றுவட்டத்துப் பெண்கள் அவர் கை ஒழியும்வரை காத்து நின்று வாங்குவார்கள். அவருடைய மகள் வள்ளிக்கு அளவு நூல் கேட்டு எழுதட்டுமா என்று ஒருமுறை கேட்டேன். "எம் புள்ள அளவு எனக்குத் தெரியாதால?" என்றார்.

ஓணம் வந்தால் முதலாளி அவரை விட மாட்டார், தீபாவளி வந்தால் கேட்கவே வேண்டாம். நடுவில் வந்த முறைகளை வீட்டில் விசேஷம் உள்ள யாருக்காவது அவரே கொடுத்துவிடுவார். அதில் ஒன்றைக் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டு போனவன் நான். இப்படியே இரண்டு வருஷம் ஓடியது.

என் தங்கை கல்யாணத்துக்குப் போனபோது முதலாளி அவரையும் விட்டார், கூட வந்தார். மூட்டையில் வள்ளிக்கு அரக்குப் பட்டுப்பாவாடை, சரிகைக் கரை. தையற்காரரின் பக்கத்திலேயே நின்று தைத்து வாங்கியது. வழியெல்லாம் மூட்டையைக் கீழே வைக்காமல் மடியிலேயே வைத்திருந்தார். வீட்டு வாசலில் வள்ளி நின்றாள். ஒரு நொடி அண்ணாச்சி அவளைத் தாண்டி உள்ளே யாரையோ தேடினார். பிறகுதான் முன்னால் நிற்பவளே மகள் என்று புரிந்துகொண்டார்.

பாவாடை அவளுக்கு முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே நின்றது. அக்கம்பக்கத்துப் பெண்கள் சிரித்தார்கள். வள்ளி சிரிக்கவில்லை. அம்மாவின் காதில் சொல்வதாக நினைத்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"அம்மா, இவுக கொண்டாந்தது சின்னதா இருக்கு."

சின்னதானதைவிட, அப்பா என்று வராத அந்த ‘இவுக’தான் அவரைத் தைத்தது. எனக்கும் தைத்தது, அவருடைய முறை ஒன்றை நான் தின்றிருந்தேன் அல்லவா. திருவனந்தபுரத்துப் பிள்ளைகளை எல்லாம் கண்ணாலேயே அளந்த மனிதர், மனைவியிடம் நூல் வாங்கி, மகள் முன்னால் மண்டியிட்டு, தோளிலிருந்து கணுக்கால் வரை அளந்தார். முடிச்சு அவர் கைக்கு வரவில்லை. மனைவிதான் போட்டுக் கொடுத்தார்.

திரும்பி வந்தபோது அந்தப் பாவாடையையும் கொண்டுவந்து தன் ஆணியில் மாட்டினார். அதன்பின் யாராவது இந்த முறை வேண்டாம், வியாபாரம் நடக்கட்டும் என்றால் தலையைத் தூக்குவார். பாவாடையைப் பார்ப்பார், அவ்வளவுதான். முதலாளி யாரையாவது நிறுத்தினால் அவரே போய் நிற்பார். "அவன் போட்டும் மொதலாளி, அவன் வேலைய நான் பாக்கேன்." நான் அந்த மாடியில் இருந்தவரை வேறு ஒருவர்கூட முறையை விட்டுக்கொடுக்கவில்லை. எத்தனையோ பெரிய மனிதர்களைப் பார்த்துவிட்டேன், அவர் அளவுக்கு ஒருவரை மதித்ததில்லை.

அடுத்த வருஷமே திருவனந்தபுரத்திலேயே, கரமனையில் வீடு பார்த்துக் குடும்பத்தைக் கூட்டிவந்துவிட்டார். வள்ளி மலையாளப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். ஆறே மாதத்தில் அவரை ‘அச்சா’ என்று கூப்பிட ஆரம்பித்தாள். நாங்கள் கேலி செய்தோம். "எந்தப் பாஷையில கூப்பிட்டா என்ன, கூப்பிடுதாள்லா" என்றார். மாநில எல்லையைப் புதிதாகப் போட்டு, நாகர்கோவில் அந்தப் பக்கமும் நாங்கள் இந்தப் பக்கமும் ஆனபோது, ஊருக்கே போய்விடலாமா என்று சிலர் யோசித்தார்கள். அவர் யோசிக்கவில்லை. முன்பு கரமனைக்குக் குடிபோக மாடியைக் காலி செய்தபோது பாவாடையை மட்டும் எடுக்காமல் விட்டுப்போனார். "அது இங்கயே கெடக்கட்டு, இங்கனதான் வேணும்" என்றார்.

அந்தக் கடை இல்லை, மாடி இல்லை. சாவடியில் பெட்டி திறப்பது நின்று எத்தனையோ காலமாகிவிட்டது. அளவு நூல் என்றால் என் பேரனுக்குத் தெரியாது. அண்ணாச்சியும் போய்விட்டார்.

நேற்று மதிலோரம் நின்று அந்த வங்காளப் பிள்ளையிடம் மலையாளத்தில் கேட்டேன். அவனும் அரைகுறை மலையாளத்தில் சொன்னான். மகளைப் பார்த்து ஒன்றரை வருஷமாகிறதாம். இந்த வீடு முடிந்ததும் போகலாம் என்றிருந்தானாம், மேஸ்திரி அடுத்த வீட்டுக்கும் அவனே வேண்டும் என்கிறாராம். கவுன் எப்படி என்று என்னிடம் காட்டினான். என் வீட்டுச் சுவரை ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். காட்டுவதற்கு அங்கே ஆணியும் இல்லை, பாவாடையும் இல்லை.