என் மகளுக்கு நித்திரை அருளப்பட்ட விதம்

முப்பத்தாறு ஆண்டுகள் ஆசிரியராகவும் அதிபராகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். பட்டதாரி. கீரி என்னும் எங்கள் கரையோர ஊரில் ஆலயத்தின் மூப்பராகப் பதினொரு ஆண்டுகள் இருந்திருக்கிறேன். என் வீட்டுக் காரியம் எதுவும் வீதிக்கு வந்ததில்லை. உதவி கேட்டு எவருடைய வாசற் படலையையும் நான் தட்டியதில்லை. ஆண்டவர் என்னை எந்த இடத்திலிருந்து இறக்கினார் என்பது விளங்க வேண்டும் என்பதற்காகவே இவற்றைச் சொல்கிறேன்.

சென்ற ஆண்டு, தவக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன்பு, என் ஒரே மகள் ஜெசிந்தா தலைப்பிரசவத்துக்காக என்னிடம் வந்தாள். மருமகனுக்குக் கப்பலில் வேலை. தலைப்பிள்ளையைத் தாய்வீட்டில் பெறுவது எங்கள் வழக்கம். ஆனால் என் மனைவி இறந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த வீட்டில் நான் மட்டுமே இருந்தேன்.

எட்டாம் மாதம் பிறந்ததும் அவளுக்கு நித்திரை போயிற்று. கால்கள் இழுத்துக்கொண்டன. நெஞ்செரிவு. மணிக்கொரு தரம் எழும்ப வேண்டியிருந்தது. பகலில் கதிரையில் இருந்தபடியே கண் சொருகும், கூப்பிட்டால் திடுக்கிடுவாள். ஒருநாள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் திடீரென அழுதாள். ஏனென்று கேட்டேன்.

"ஒண்டுமில்லை அப்பா" என்றாள்.

அதற்கு மேல் எப்படிக் கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை. ஒரு பாடசாலை முழுவதையும் என் குரலால் அடக்கியவன், சாப்பாட்டு மேசையில் சொந்தப் பிள்ளைக்குச் சொல்ல ஒரு சொல் இல்லாமல் இருந்தேன்.

நானும் உறங்கவில்லை. அவள் புரளும்போது கட்டில் கிறீச்சிடுவது எனக்குக் கேட்கும். அவளுக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாதென்று அசையாமல் கிடப்பேன். என்னை எழுப்பிவிடக் கூடாதென்று அவள் விளக்கைப் போடாமல் நடந்திருக்கிறாள். ஒரு சுவரின் இரு பக்கமும் இருவர் தனித்தனியே விழித்திருந்தோம். அவள் எனக்காக இருட்டில் நடந்ததை நான் பிறகுதான் அறிந்தேன்.

தவக்காலத்தின் இரண்டாம் வாரம் கிளினிக்கில் மருத்துவமாது என்னைத் தனியே அழைத்தார்.

"சேர், பிள்ளைக்குப் பிறசர் ஏறுது. கால் வீக்கமும் இருக்கு. வடிவா நித்திரை கொள்ளவேணும், மனசில யோசினை இருக்கக்கூடாது. வாற கிளினிக்கிலயும் இப்பிடியெண்டா ஆசுபத்திரி வாட்டில விடத்தான் வேணும். இடையில தலையிடி, கண் மங்கல் எண்டா உடன கொண்டு வாங்கோ."

எங்கள் முதற்பிள்ளை எட்டாம் மாதத்தில் உயிரின்றிப் பிறந்தது. அதை அடக்கம் செய்தவன் நான். ஜெசிந்தாவிடம் அதை நான் சொன்னதேயில்லை.

மறுநாளே புனித அன்னம்மாளுக்கு ஒன்பது நாள் செபமான நவநாளைத் தொடங்கினேன். மகளுக்கு நித்திரை தரும்படியே வேண்டுதல். என் தகப்பனார் காலத்திலிருந்து எங்கள் வீட்டு நவநாள் விடியற்காலை நாலரை மணிக்குத்தான். யாருக்காக வேண்டுகிறோமோ அவரும் முழந்தாளில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது நவநாள் ஆகாது. ஆகவே ஒவ்வொரு விடியலிலும் அவள் கதவைத் தட்டினேன். அவள் ஒரு வார்த்தையும் மறுத்துச் சொல்லாமல் எழுந்து வந்தாள். இரவு முழுவதும் வராத நித்திரை அவளுக்கு அந்த வேளையில்தான் வந்துகொண்டிருந்தது என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

ஊர்ப் பெண்கள் விசாரித்தபோதெல்லாம் "சுகமாயிருக்கிறா" என்று சொல்லி அனுப்பினேன். ஓலைத்தொடுவாயிலிருந்து எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிலோமினா, அங்குள்ள பாடசாலையில் என்னிடம் படித்தவர், நான்கு பிள்ளைகளின் தாய். அவர் மீன் சொதியோடு படலையில் நின்றார்.

"தங்கச்சியை ஒருக்காப் பாத்திட்டுப் போறன் சேர்."

"அவ நித்திரை" என்றேன். அது பொய். மூப்பருக்கு மகளைப் பார்க்கத் தெரியவில்லை என்ற கதை கரைவரை போய்விடும் என்று அஞ்சினேன். சொதியை வாங்கிக்கொண்டு படலையைச் சாத்தினேன்.

ஆறாம் நாள். நான் வாசிக்க அவள் பதில் சொல்லிவந்த மன்றாட்டு மாலையின் பாதியில் அவள் குரல் நின்றுபோயிற்று. கண்டிக்கத் திரும்பினேன். முழந்தாளில் இருந்தபடியே, கதிரையில் தலை சாய்த்து, வாய் சற்றே திறந்திருக்க, என் மகள் உறங்கிக்கொண்டிருந்தாள். செபத்தை முடிப்பதானால் அவளை எழுப்ப வேண்டும். எழுப்பாவிட்டால் நவநாள் முறியும். புத்தகத்தைக் கையில் பிடித்தபடி நின்றேன்.

அப்போது நான் சொன்ன செபம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. "ஆண்டவரே, எனக்குத் தெரியவில்லை" என்றேன். அவ்வளவுதான்.

சிறிது நேரத்தில் படலைக்கு வெளியே செருப்புச் சத்தம். கரைவலை இழுக்கும் இடத்துக்கு மீன் எடுக்கப் போகும் பெண்கள். நான் வெளியே போனேன். என் வாழ்நாளில் முதல் தடவையாக உதவிக்கு ஒருவரைக் கூப்பிட்டேன்.

"பிலோமினா, உள்ள வா. எனக்கு என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை."

கூடையை அங்கேயே வைத்துவிட்டு அவர் வந்தார். நிலைமையைப் பார்த்தார். புத்தகத்தையும் பார்த்தார்.

"நித்திரை கேட்டுச் செபிக்கிறதுக்கு, நித்திரை கொண்டவளை எழுப்பினீங்களோ சேர்?"

நான் புத்தகத்தை மூடினேன்.

"வகுப்பில கண்ணயர்ந்தா என்னை வாங்கில ஏத்தி நிக்க விட்டனீங்கள். நான் தாங்கினன். இவள் ரெண்டு உயிரெல்லோ. அந்தத் தலையணைகளை எடுத்துத் தாங்கோ."

மகளைத் தாங்கிப் பிடித்து அறைக்குக் கொண்டுபோய் இடப்பக்கம் சரித்துப் படுக்க வைத்தார். முழங்கால்களுக்கிடையில் ஒரு தலையணை, வயிற்றுக்குக் கீழே ஒன்று. கால்மாட்டில் இருந்து மெல்லப் பாதங்களைத் தடவினார். அன்று அவர் கரைக்குப் போகவேயில்லை. ஜெசிந்தா பத்து மணி வரை உறங்கினாள்.

அவள் கண் விழித்தபோது நான் தேநீருடன் வாசலில் நின்றேன். அவள் பிலோமினாவிடம் சொல்வது கேட்டது.

"பிள்ளை துடிக்கிறது நிண்டுபோகுமோ எண்டு பயமாக் கிடக்கு அக்கா. வயித்தில கை வைச்சுக்கொண்டே கிடப்பன். ஆரிட்டச் சொல்ல? அப்பா பாவம், படுத்திருப்பார்."

உள்ளே போனேன். கட்டிலோரம் இருந்து, அவள் பிறப்பதற்கு முன் எங்களுக்கு ஒரு பிள்ளை இருந்ததைச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதன்பின் பிலோமினா நாள்தோறும் பின்னேரம் வந்தார். மற்றப் பெண்களும் வந்தார்கள். என் விறாந்தையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவளுக்கு நித்திரை வராத வேளைகளில் நான் எழுந்து போய்க் கதிரையைப் போட்டு அருகில் இருந்தேன். அடுத்த கிளினிக்கில் பிறசர் இறங்கியிருந்தது. வாட்டில் விடவில்லை. உயிர்ப்புப் பெருவிழாவுக்குப் பின், நாள் நிறைந்து, பேத்தி சுகமாகப் பிறந்தாள்.

இன்று என் படலை பகலில் சாத்தப்படுவதில்லை. இறைமக்களே, உங்கள் வீட்டிலும் எவரேனும் சுவருக்கு அப்பால் விழித்திருக்கலாம். தெரியாது என்பதை முதலில் ஆண்டவரிடம் சொல்லுங்கள். பிறகு வாசலுக்கு வந்து அயலவரிடமும் சொல்லுங்கள். ஆண்டவர் செவிகொடுக்கிறார். எனக்கும் செவிகொடுத்தார். அவருக்கே என் நன்றி.

பேத்தியின் ஞானஸ்நான நாளில், ஒன்பது நாள் நவநாளை நான் தவறாது நிறைவேற்றியதன் பலன் இது என்று சிலர் மேடையில் பேசினார்கள். அது பிழை. நவநாள் ஆறாம் நாளின் பாதியில் நின்றது. மீதியை நான் இன்றுவரை சொல்லவில்லை.