பின்னுக்குப் போகாத போர்ட்

பெருவிரலை மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கத்தில் ஒட்டிவைத்து, காரைக் கிளப்பும் முன்பக்க ஹேண்டிலைக் கொக்கி மாதிரிப் பிடிக்கிறார். "பிஸ்மில்லாஹ்" என்கிறார். சுழற்றவில்லை. எழும்பிப் போய், ஸ்டியரிங்குக்கு இடப்பக்கமுள்ள சின்னக் கம்பி மேலே தள்ளியிருக்கிறதா என்று பார்க்கிறார். தள்ளித்தான் இருக்கிறது; தள்ளியது அவர்தான். திரும்பி வந்து குனிகிறார், விரல்களை அடுக்குகிறார், மறுபடியும் சந்தேகம் வந்து எழும்பிப் போகிறார். கல்முனை பஸாரில் பிளேன்டீ குடிக்கிறவர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் பார்க்கிறார்கள். காரின் பின்சீற்றில் இருக்கும் மனிதர் அவசரமாகப் போகவேண்டியவர் என்றால், பார்ப்பதற்கு இன்னும் ருசியாக இருக்கும்.

முகைதீன்பாவா என்பது அவருடைய வாப்பா உம்மா வைத்த பெயர். சாய்ந்தமருதில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. போர்ட் பாவா என்றால் ஆடும் வழி காட்டும்.

அந்தக் கம்பியை மேலே தள்ள மறந்தால் இன்ஜின் திருப்பி அடிக்கும். ஹேண்டிலைப் பெருவிரலால் சுற்றிப் பிடித்திருந்தால் பெருவிரல் போய்விடும். சில நேரம் கையும் போகும். பாவா மாமாவின் வலது மணிக்கட்டு, பலாக்கொம்பு வளைந்தமாதிரி வெளிப்பக்கம் திரும்பியிருப்பது அப்படித்தான். ஆகவே அந்த ஹேண்டிலை அவர் வேறொருவரையும் தொட விடுவதில்லை. சுழற்றி முடித்ததும் அதைத் தோல்வாரால் கட்டி, வாருக்கு மேல் ஒரு முடிச்சும் போட்டு வைக்கிறார்.

"என்ட கை போனது போதும். ஊரான்ட கைக்கு நான் மறுமையில பதில் செல்ல ஏலா."

இன்ஜின் பிடித்துக்கொண்டதும் கார் அவரை நோக்கி மெல்ல அரக்கி வரும். காலையில் எண்ணெய் குளிர்ந்திருந்தால் இந்தச் சாதிக் காருக்கு அந்தக் குணம் உண்டு. கட்டவிழ்த்த ஆட்டுக்கடா வயிற்றில் முட்டுவதுபோல வந்து முட்டும். பாவா மாமா இரண்டு கையாலும் அதன் மூக்கைத் தள்ளிப் பிடித்து, "செல்லங் கொட்டாத, செல்லங் கொட்டாத" என்று கெஞ்சுவார். பெண்சாதி மைமூனா மாமியிடம் அவர் இவ்வளவு இதமாகக் கதைத்ததை ஊரில் ஒருவரும் கேட்டதில்லை.

கார் அமெரிக்கச் சாமான். போர்ட் கம்பனியின் 'டீ' மாடல். இங்கிலீஸ்காரன் ஆண்ட நாடுகளுக்கு வலப்பக்கம் ஸ்டியரிங் வேண்டுமென்பதால், கனடாவில் பாகங்களைப் பூட்டி அனுப்பினார்களாம். வயல்வளமுள்ள காரைதீவுச் சின்னப்போடியார் புத்தம்புதிதாக வாங்கி ஓடி, அலுத்து, மாட்டுக்கொட்டிலில் விட்டிருந்ததை பாவா மாமா எடுத்துவந்தார். கோழி முட்டையிட்ட சீற்றோடுதான் வந்தது. காரோடு அதன் சரித்திரத்தையும் போடியார் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அதை பாவா மாமா எங்களிடம் சொல்லும்போது, ஹென்றி போர்ட் என்னவோ சாய்ந்தமருதில் தனக்குப் பக்கத்து வளவில் இருந்தவர் மாதிரிச் சொல்வார்.

"அந்த மனிசன் கமக்காரன்ட மகன் மனே. பணக்காரனுக்குக் கார் செய்யிற ஆக்கள் எவ்வளவோ பேர் இருந்தாங்க. இவன் செல்லியிருக்கான், வயலுக்குப் போறவனுக்கும் ஒரு கார் வேணுமெண்டு. காரக் கயித்தில கட்டி இழுத்துக்கு வருவாங்களாம். ஆள் நிண்ட இடத்திலயே நிப்பானாம். ஒருத்தன் சில்லுப் போடுவான், மத்தவன் கதவு போடுவான். வருசத்துக்கு வருசம் வில குறைஞ்சதே தவிரக் கூடல்ல. கறுப்பு மட்டுந்தான் பூசுவானாம், அது கெதியாக் காயுமாம். அங்க வேல செய்யிறவனுக்கே அந்தக் கார வாங்க ஏலுமாப்போலக் கூலி குடுத்தான். நம்மட மருதமுனையில பட்டுக்கரச் சாறன் நெய்யிறவன், அவன் நெஞ்ச சாறன உடுத்துக் கண்டிருக்கியாடா?"

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் விட்டுவிட்டதால், இதிலே எவ்வளவு உண்மை என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் பழைய இங்கிலீஸ் மாஸ்டர் நல்லரெத்தினத்திடம் போய்க் கேட்டேன். "எல்லாம் சரிதான். பிந்தின வருசங்களில வேற நிறமும் பூசினவங்கள். ஒன்றரைக் கோடி கார் செய்து, ஆயிரத்தித் தொளாயிரத்து இருபத்தேழில நிப்பாட்டிப்போட்டாங்கள். நீ என்னட்டக் கேட்ட முதல் உருப்படியான கேள்வி இது" என்றார். நிப்பாட்டியதை மட்டும் நான் பாவா மாமாவிடம் சொல்லவில்லை. அவருக்குத் தெரியும். ஆனாலும் சொல்லவில்லை.

இப்போது வாடகைக் கார் ஸ்டாண்டில் மொரிஸும் ஒஸ்டினும் பளபளக்க நிற்கின்றன. இருந்தும் இந்தக் கிழட்டுக் கறுப்பைத் தேடி ஆட்கள் வருகிறார்கள். ஐம்பத்தேழாம் ஆண்டு மாரி வெள்ளத்துக்குப் பிறகு வந்த மதிப்பு அது. றோட்டெல்லாம் வாய்க்காலான நாட்களில் மொரிஸ்கள் தண்ணீரைக் கண்டவுடன் இருமிப் படுத்துக்கொண்டன. இது உயரமான சில்லை வைத்துக்கொண்டு கொக்கு நடக்கிறமாதிரி நடந்துவந்தது. பிள்ளைத்தாய்ச்சிகளையும் நோயாளிகளையும் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போனது. வெள்ளாண்மைக் காலத்தில் பின்சில்லை முட்டுக்கொடுத்துத் தூக்கி, அதில் பெல்ட் மாட்டினால் நெல் தூற்றும் விசிறியும் சுற்றும். கம்பித்துண்டும் குறடும் இருந்தால் அதற்கு வரும் பாதி வருத்தத்தை வளவுக்குள்ளேயே சுகப்படுத்திவிடலாம்.

ஆனால் ஓட்டுகிறவருக்கு நிம்மதி கிடையாது. பெற்றோல் தாங்கி முன்சீற்றுக்குக் கீழே இருக்கிறது. நிற்கிற இடமெல்லாம் சீற்றைத் தூக்கி, அளவுக்கு வெட்டுப் போட்ட தடியை விட்டுப் பார்ப்பார். முன்சீற்றில் மௌலவி இருந்தாலும் எழும்பத்தான் வேண்டும். கார் புறப்பட்டால் காதைச் சாய்த்துக்கொண்டே ஓடுவார். "மாமா, பின்சில்லு சுத்துது!" என்று நாங்கள் கத்துவோம். உடனே நிறுத்தி இறங்கி, சுற்றிவந்து பார்ப்பார். பார்த்த பிறகுதான், சில்லு சுற்றத்தானே வேண்டும் என்பது விளங்கும். "உங்கட வாப்பாமாருக்குச் செல்றன் இரிங்கடா!" என்பார். அடுத்த நாள் கத்தினாலும் இறங்குவார். ஒருவேளை இன்றைக்கு மெய்யாகவே ஏதும் பழுதிருந்தால்?

வேறு காருக்கு மாறவும் அவரால் முடியாது. இந்தப் போர்டில் காலடியில் மூன்று மிதிகட்டை. இடது, கியருக்கு. நடுவிலுள்ளது பின்னுக்குப் போக. வலதுதான் பிரேக். மொரிஸில் வலதை மிதித்தால் பாயும். ஒருமுறை யாரோ ஆசை காட்டி ஒரு மொரிஸில் ஏற்றியிருக்கிறார்கள். நிறுத்துகிறேன் என்று வலதை மிதித்து, ஒரு சட்டிபானைக் கடைக்குள்ளே போய்த்தான் நிறுத்தினார்.

நடுக்கட்டையை, ஆள் ஏறியிருக்கும்போது அவர் மிதிக்கவே மாட்டார். காரணம் இந்தக் கரையின் வழக்கத்தில் இருக்கிறது. இங்கே கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். மாப்பிள்ளையை ஏற்றிய கார் பின்னுக்குப் போனால், அவரும் ஒருநாள் உம்மா வீட்டுக்குத் திரும்பிப் போய்விடுவார் என்று மைமூனா மாமி சொல்வார். கிதாபில் அப்படி ஒன்றும் இல்லை என்று மௌலவி சொல்லியாயிற்று. இல்லைதான் என்று பாவா மாமாவும் ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டுவிட்டு, ஒரே மகள் றபீக்காவின் கலியாணத்தன்று, கார் வளைந்து வெளியேறுவதற்காகப் பக்கத்து வளவு நூஹுவின் கிடுகு வேலியைப் பிடுங்கவைத்தார்.

கார் அன்றைக்கு ஓர் அங்குலமும் பின்னுக்குப் போகவில்லை. மருமகன் சாலிஹ்தான் போனான், நாலாம் மாதத்தில்.

சண்டையும் காரால்தான். "இந்தப் பழைய இரும்ப வித்துப்போட்டு ஒரு மொரிஸ் எடுங்களன் மாமா" என்று சாப்பாட்டில் இருந்தபடி சாலிஹ் சொன்னான். அவன் நல்லதற்குத்தான் சொன்னான். பாவா மாமாவுக்கு வாய் தவறிவிட்டது. "இந்த இரும்புதான் இந்த வளவுக்குள்ள சோறு போடுது. விருப்பமில்லாதவங்க தின்னத் தேவல்ல." பெண் வீட்டில் இருந்து சாப்பிடுகிற மருமகனுக்கு இதைவிடக் கூரான சொல் தமிழில் கிடையாது. சாலிஹ் கையைக் கழுவினான், சேர்ட்டைப் போட்டான், நிந்தவூருக்கு, உம்மா வீட்டுக்கே போய்விட்டான். அதற்குப் பிறகு றபீக்கா வாப்பாவுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பாள், முகம் பார்க்கமாட்டாள்.

பெரியவர்கள் போய்க் கதைத்து, ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு சாலிஹைக் கூட்டிவரலாம் என்று முடிவானது. பாவா மாமா தானே போவதாகச் சொன்னார். சொன்ன நாளிலிருந்து அவருக்கு நித்திரை இல்லை.

நிந்தவூருக்குப் போகும் வழியில் வெள்ளம் ஒரு பாலத்தைக் கொண்டுபோயிருந்தது. அந்த இடத்தில் மரப்பாலம் போட்டு, இரண்டு பக்கமும் மண்ணைக் கொட்டிச் சரிவு வைத்திருந்தார்கள். திரும்பிவரும்போது ஏறவேண்டிய நிந்தவூர்ப் பக்கத்துச் சரிவுதான் பொல்லாதது. இந்தப் போர்டில் பெற்றோல் தன்பாரத்தில் வழிந்துதான் இன்ஜினுக்குப் போகும். ஏற்றத்தில் மூக்குத் தூக்கினால் வழிவது குறையும். அமெரிக்காவிலேயே பெரிய ஏற்றமென்றால் காரைத் திருப்பி, பின்பக்கமாக ஏற்றுவார்களாம். இங்கே மருமகனை வைத்துக்கொண்டு அப்படிச் செய்யமுடியுமா?

பாவா மாமா தாங்கியை விளிம்புவரை நிரப்பினார். புதன்கிழமை வந்து ஒத்திகை பார்த்தார், ஏறியது. நம்பிக்கை வராமல் திரும்பவும் ஏறினார். வியாழக்கிழமை காலையிலும் மாலையிலும் வந்து ஏறினார். அந்தச் சரிவடியில் தூண்டில் போடுகிற எங்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. அவர் ஏறி ஏறிப் பார்த்ததில், ஏறுவதற்கான சின்னக் கியரை இறுக்கிப் பிடிக்கும் பட்டி தேய்ந்துகொண்டிருந்தது என்பதை ஒருவரும் நினைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவர் அந்த ஒன்றுக்குப் பயப்பட மறந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை வந்தார்கள். முன்சீற்றில் சாலிஹ். பின்சீற்றில் அவனுடைய உம்மா சுல்பிகா, மடியில் ஒரு பூசணிக்காய், காலடியில் அரிசி மூட்டை, பக்கத்தில் சாலிஹ் தொழில் செய்யும் தையல் மெசின். மெசினும் வருகிறதென்றால் அவன் நிற்கத்தான் வருகிறான். அதைப் பார்த்து எனக்கே சந்தோசமாக இருந்தது.

பாதிச் சரிவில் இன்ஜின் கத்தியது, கார் நகரவில்லை. பாவா மாமா பிரேக்கைக் கட்டையோடு அமர்த்தினார். கார் பின்னுக்கு வழுக்கத் தொடங்கியது. ஒரு சாண்கூட இல்லை. அதற்குள் பின்சில்லுக்கடியில் ஒரு கல் வந்துவிட்டது. தூண்டில்காரப் பொடியன்களில் யார் வைத்தது என்று அவருக்குத் தெரியாது. இங்கே எழுதவேண்டிய அவசியமுமில்லை.

"யா அல்லாஹ், போயிட்டா? பின்னுக்குப் போயிட்டா?" என்றார் பாவா மாமா.

"போகல்ல மாமா, கல்லில நிக்கிது" என்றான் சாலிஹ். எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "திருப்பி, பின்பக்கமா எடுத்தா ஏறும்தானே?"

"ஏறும். பின்னுக்குப் போற பட்டி புதுசு மாதிரி இரிக்கி. ஆனா நீங்க இரிக்கக்குள்ள எடுக்க மாட்டன் மருமகன்."

"அப்ப நான் இறங்கிறன்."

பாவா மாமாவின் முகத்தை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். இறங்கினால் அவன் நிற்பது நிந்தவூர் மண். உம்மா வீடு கூப்பிடு தூரம். இறங்காவிட்டால் கார் ஏறாது. சாலிஹ் இறங்கினான்.

அவன் இறங்கிய பிறகுதான் கல் எடுபட்டது. சுல்பிகா மாமி, "என்னயும் இறக்கமாட்டீங்களா? நான் மாப்பிள்ள இல்லாட்டி மனிசி இல்லயா?" என்று பூசணிக்காயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்த, கார் கீழே உருண்டு, வளைந்து, பின்புறத்தைப் பாலத்துக்குக் காட்டி நின்றது. பாவா மாமா கழுத்தை முறித்துப் பின்னுக்குப் பார்த்தபடி நடுக்கட்டையை மிதித்தார். கார் அலறிக்கொண்டு ஏறியது. பார்க்கவேண்டியது சரிவின் விளிம்பை. அவர் கண் அதில் இல்லை. சாலிஹ் எந்தப் பக்கம் நடக்கிறான் என்று தேடிக்கொண்டிருந்தது. "சில்லு சுத்துது" என்று கத்துவதற்கு இதைவிடத் தோதான நேரம் வராது. எங்களில் ஒருவரும் கத்தவில்லை.

சாலிஹ் பாலத்தின் நடுவில் நின்றான், முகம் சாய்ந்தமருதுப் பக்கமாக.

கார் அவனருகில் போய்ச் சேர்ந்து, இருமி, நின்றுவிட்டது. பாவா மாமா இறங்க எத்தனித்தார். வளைந்த கை ஸ்டியரிங்கை விட்டு வர மறுத்தது.

"நீங்க இரிங்க மாமா" என்று சாலிஹ் முன்பக்கம் போனான். தோல்வாரின் முடிச்சை அவிழ்த்தான். வேறொருவரும் தொடாத ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு குனிந்தான்.

பாவா மாமா இடப்பக்கச் சின்னக் கம்பியை மேலே தள்ளினார். தள்ளியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். பிறகு மெல்ல இறங்கி, காரைப் பிடித்துப் பிடித்து முன்னுக்குப் போய், மருமகனின் கையைக் குனிந்து பார்த்தார். பெருவிரல் மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில்தான் ஒட்டியிருந்தது. இருந்தும் தன் விரல் நுனியால் அதை ஒருதரம் அழுத்திவிட்டு, திரும்பிப் போய்ச் சீற்றில் ஏறி உட்கார்ந்தார்.