மஞ்சள் துணிக்குள் குறிஞ்சி

காலை எட்டே காலுக்குக் கொடைக்கானலில் பூண்டி பேருந்து ஏறியதுமே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. காரணம், பக்கத்தில் உட்கார்ந்திருந்த செல்வி சொன்ன செய்தி. பூண்டியில் வெள்ளைப்பூண்டு பயிரிடுகிற செல்வியின் வயலுக்கு மேலே உள்ள சரிவில்தான் 2018இல் குறிஞ்சி பூத்ததைப் பார்த்தேன். பூத்த செடிகள் பட்டுப்போயின. அவற்றின் விதையில் முளைத்த புதர்களைப் பார்க்கத்தான் இப்போது மதுரையிலிருந்து வந்திருந்தேன்.

"பூண்டு விக்க வடுகபட்டி போயிருந்தேன் சார். சீகை மரக் கன்னு பிடுங்குற ஆளுக நேத்து நம்ம மேட்டுக்கு வந்துட்டாகளாம். எல்லாத்தையும் வேரோட எடுத்துருவாக."

சீகை, புல்வெளியை மூடிவிடும் அந்நிய மரம்; அதைப் பிடுங்குகிற யாருக்கும் பூக்காத குறிஞ்சியும் களை என்றுதான் தோன்றும்.

"அடையாளம் ஏதும் வைக்கலையா?"

"பழைய மஞ்சச் சேலையக் கிழிச்சுச் சுத்திலும் கட்டிட்டுத்தான் போனேன். எதுக்குன்னு யாருகிட்டயும் சொல்லலயே!"

சுமார் நாற்பது கிலோமீட்டர். பூம்பாறையில் உர மூட்டை இறக்கினார்கள்; ஓட்டுநர் சாவகாசமாக டீ குடித்தார். எனக்கு வந்த எரிச்சலில் நானே வண்டியை எடுத்திருப்பேன். மன்னவனூர்ப் புல்வெளியை எல்லோரும் படம் எடுத்தபோது நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பதினோரு மணிக்கு மேட்டில் ஏறினோம். பிடுங்கிய சீகைக் கன்றுகள் குவியல் குவியலாகக் கிடந்தன. செல்வி ஓடினார். சரிவின் நடுவே, மஞ்சள் துணிக்குள், இடுப்பளவுக் குறிஞ்சி அப்படியே நின்றது. முன்னால் எலுமிச்சம்பழம், திருநீறு, எரிந்த சூடத்தின் கரி. சற்றுத் தள்ளி வேலையாட்களின் செருப்புகள். அப்பாடா! எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்தே வந்தன.

மேஸ்திரி பயந்த முகத்தோடு வந்தார்.

"தெரியாம அருவாள ஓங்கிட்டோம்க்கா. துணியப் பாத்ததும் கும்புட்டு விலகிட்டோம். இது எந்தச் சாமிங்க?"

செல்வி யோசிக்கவே இல்லை. "வள்ளி. பன்னெண்டு வருசத்துக்கு ஒருக்காத்தான் மொகங்காட்டும்."

மேஸ்திரி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

எங்கள் மதுரையில் மல்லிகை தினமும் முழக்கணக்கில் விற்கிறது. அதற்காக என் நெஞ்சு ஒருநாளும் இப்படி அடித்துக்கொண்டதில்லை. மதிய வண்டிக்குக் கிளம்பும் முன், இனி துணியை அவிழ்த்துவிடலாமே என்று மெல்லக் கேட்டேன்.

"அது கெடக்கட்டும் சார். மொதல்ல நீங்க செருப்பக் கழட்டுங்க, ஆளுக பாக்குறாக."

கழற்றினேன்.