புற்றுமண் போட்ட குளிப்பறை

எந்த வருடம் என்பதை முதலில் தீர்த்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் எனக்கு மேலே எழுத ஓடாது. அக்காவின் மூத்த மகன் பிறந்த வருடம் அது. அவன் மார்கழியில் பிறந்தான். நான் சொல்லப்போவது அதற்கு முந்தைய ஆடியிலிருந்து புரட்டாசி வரை நடந்தது. சிமெண்டு வாங்க அப்போது பெர்மிட் வேண்டும். வெள்ளைக்காரன் போயிருந்தான், கண்ட்ரோல் போகவில்லை. அக்காவைக் கேட்டால் ஒரு வருடம் தள்ளிச் சொல்வாள். பெற்றவள் என்ற உரிமையில் சொல்கிறாள், ஆனாலும் கணக்கு என் பக்கம்தான்.

எங்கள் வீட்டுக் குளிப்பறை என்பது கிணற்றடியில் மூன்று பக்கம் கட்டிய ஓலைத்தட்டி. நாலாவது பக்கத்தில் ஒரு பழைய சேலை தொங்கும். மேலே வானம். தலைமுறை தலைமுறையாக அது போதுமானதாக இருந்தது. அந்த வருடம் பின்வீட்டு ஜவுளிக்காரர் மச்சு எடுத்துக் கட்டி, எங்கள் கிணற்றைப் பார்த்து ஒரு ஜன்னலும் வைத்தார்.

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ராயகிரியிலிருந்து அக்காவின் மாமியார் வந்து எங்கள் வீட்டில் தங்கினார்கள். காலையில் குளிக்கப் போனவர்கள் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே நிமிர்ந்து பார்த்திருக்கிறார்கள். ஜன்னலில் யாரும் இல்லை. ஆனாலும் ஜன்னல் இருந்தது. ஈரத்தலையோடு நேரே அடுப்படிக்கு வந்து அம்மாவிடம் சொன்னார்கள்:

"தப்பா நெனைக்காதீய மதினி. பிள்ள வயித்தோட நிக்கா. இந்தத் தட்டிக்குள்ள அவ எப்பிடிக் குளிப்பா? பேறுகாலம் ராயகிரியிலேயே இருக்கட்டும். அங்கன அறை இருக்கு, கதவு இருக்கு."

தலைப்பிரசவம் தாய்வீட்டில் இல்லை என்றால் ஊர் என்ன சொல்லும் என்பது எனக்கே தெரியும். அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "வளைகாப்புக்குள்ள அறை கட்டிருவோம் மதினி. நீங்க வந்து பாத்துட்டு அனுப்புங்க" என்றாள். அப்பா அப்போது கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தன் வீட்டில் ஓர் அறை கட்டப்படப்போவது அவருக்கு அப்படித்தான் தெரியவந்தது.

கொத்தனாருக்கு ஆள் அனுப்பினோம். கோவில்பட்டிப் பக்கம் ஒரு பெரிய கட்டட வேலை, தீபாவளி கழித்துத்தான் வர முடியும் என்று பதில் வந்தது. அப்பா குமாஸ்தா. வாசகசாலையிலிருந்து வீட்டுச் சுகாதாரம் பற்றி ஓர் இங்கிலீஷ் புத்தகம் கொண்டுவந்து ஒரே ஞாயிற்றுக்கிழமையில் படித்து முடித்து, "இதுல ஒண்ணுமில்ல, நாமளே கட்டிரலாம்" என்றார். அவருக்குத் துணையாக அமைந்தவர் அம்மாவின் தம்பி, என் மாமா. எந்த வேலையையும் ஏற்கெனவே பத்துத் தடவை செய்தவர்போலப் பேசக்கூடியவர். அவர் செய்து நான் பார்த்தது அதுவரை ஒரு கோழிக்கூடுதான்.

சுவர் எழும்பியது. தூக்குக்குண்டுக்குப் பதில் பித்தளைச் செம்பைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார்கள். அது காற்றில் ஆட ஆட, சுவரும் கொஞ்சம் அப்படியே போயிற்று. கூரைக்குப் பனங்கையும் ஓடும் போட்டு, பழைய மாட்டுக்கொட்டில் கதவைச் சீவி மாட்டினார்கள். கொண்டி வைத்ததும் அப்பா உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டு, திறக்கத் தெரியாமல் மாமாவைக் கூப்பிட்டது தனிக்கதை.

தரைதான் படுத்தியது. சுண்ணாம்பும் மணலும் போட்டு இடித்த முதல் தரை வெடித்துப்போயிற்று. போதாததற்கு, ஊற்றிய தண்ணீர் மூலையில் விட்ட துளையை மதிக்காமல் நேரே வாசலுக்கு வந்து அப்பாவின் காலை நனைத்தது.

"என்ன மாப்ளே இது?"

"தண்ணிக்குப் புது எடம் அத்தான். வழி தெரியாம வருது."

அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆவணி பிறந்து பாதி போயிருந்தது. அம்மாவோ பலகாரப் பெட்டியோடு அக்காவைப் பார்க்க ராயகிரிக்குப் போயிருந்தாள். அவள் திரும்புவதற்குள் தரையை முடித்துவிடவேண்டும் என்று மாமா துடித்தார். வண்டியைப் பூட்டிக்கொண்டு இளையரசனேந்தல் பக்கம் தெரிந்தவர் காட்டுக்குப் போய், வண்டி நிறைய ஒரு மண் கொண்டுவந்தார். சல்லிக்கல் இல்லை, மணல் இல்லை, மாவுபோல இருந்தது. சுண்ணாம்பும் கடுக்காய்த் தண்ணீரும் சேர்த்துக் குழைத்து, இந்தத் தடவை சரிவும் பார்த்து, திமிசுக்கட்டையால் இருவரும் முறை வைத்து இடித்தார்கள். கடைசியில் கூழாங்கல் கொண்டு தேய்த்ததும் தரை வாழையிலைபோல மின்னியது. தண்ணீர் ஊற்றினால் ஒரு சொட்டுக்கூட இறங்காமல் துளையைத் தேடிப் போயிற்று. அப்பா இரண்டு செம்பு ஊற்றிப் பார்த்தார். பிறகு சும்மா இன்னும் இரண்டு செம்பு ஊற்றினார்.

அம்மா திரும்பி வந்ததும் வாசலிலிருந்தே நேரே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினோம். அவள் உள்ளே போய் நின்று, கதவைச் சாத்தி, திறந்து, மறுபடியும் சாத்தினாள். வெளியே வந்தபோது முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "தரை என்னமா வழுவழுன்னு இருக்கு! இது என்னலே மண்ணு?" என்று தம்பியைக் கேட்டாள்.

மாமா நெஞ்சை நிமிர்த்தினார். "புத்துமண்ணுக்கா! ஆளொசரப் புத்து. பூராவும் வெட்டிக் கொண்டாந்துட்டேன்."

அம்மா இரண்டு எட்டுப் பின்னால் போய், தன் காலையே பார்த்தாள்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கோயிலில் புற்றுமண்தான் பிரசாதம். நெற்றியில் பூசுவோம், காய்ச்சல் வந்தால் தண்ணீரில் கரைத்துக் குடிப்போம். பொட்டலத்திலிருந்து ஒரு துளி கீழே சிந்தினாலும் அம்மா அதை விரலில் தொட்டு எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். அதோடு, இருக்கிற புற்றை இடித்தால் நாகதோஷம், உடம்பில் வெண்படை விழும், வயிற்றுப் பிள்ளையையும் தாக்கும் என்பது அவள் நம்பிக்கை. வயிற்றுப் பிள்ளைக்காரி வரப்போகிற வீடு அது.

"நெத்தியில பூசுதத மிதிச்சு அழுக்குத் தண்ணி ஊத்தவா? வெட்டுதப்போ ஒனக்குக் கையி வெறைக்கலயாலே?"

"கோயில் புத்து வேற, காட்டுப் புத்து வேற" என்றார் அப்பா, ஆபீஸ் குரலில்.

"எந்தப் பாம்பு எந்தப் புத்துலன்னு ஒங்க இங்கிலீசுப் புஸ்தகத்துல போட்டிருக்கோ?"

புத்தகத்தில் அது இல்லை. தரையைப் பெயர்த்துவிடலாம் என்றார் மாமா. பெயர்த்தால் வேறு சுண்ணாம்பு வேண்டும், காய நாள் வேண்டும். சம்பந்தியம்மா வருகிற நாளோ குறித்தாயிற்று. அம்மா இடுப்பில் கைவைத்து அந்த அறையை ஒருமுறை பார்த்தாள். "இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அப்பா இந்த நம்பிக்கைகளைக் கேலி பேசுகிறவர். ஆனால் அதற்குப் பிறகு அந்த அறைக்குள் எதையாவது சரிபார்க்கப் போனால், வெளியிலேயே கால் கழுவிவிட்டுத்தான் போனார். குளிக்கிற அறைக்குக் கால் கழுவிப் போன மனிதர் எங்கள் ஜில்லாவில் அவர் ஒருவராகத்தான் இருந்திருப்பார்.

ஆவணிக் கடைசியில் சம்பந்தியம்மா வந்தார்கள். கொண்டியை ஆட்டிப் பார்த்தார்கள். அண்ணாந்து ஓட்டைப் பார்த்தார்கள். சாய்ந்த சுவரைப் பார்த்து, "அண்ணாச்சி கட்டுனதா? நல்லாத்தான் இருக்கு, நாமதான் கொஞ்சம் தலையச் சரிச்சுப் பாக்கணும்" என்றார்கள். பிறகு குனிந்து தரையைத் தடவினார்கள்.

"இது என்ன மண்ணு மதினி? இம்புட்டு மழமழன்னு இருக்கு?"

எனக்குப் பதில் தெரியும். பெருமையாகச் சொல்ல வாயைத் திறந்தேன். மாமா என் பின்னலைப் பிடித்துச் சுண்டி இழுத்தார்.

"காட்டு மண்ணுதான் மதினி" என்றாள் அம்மா.

"அப்பம் சரி. வளைகாப்பு முடிஞ்சு பிள்ளையக் கூட்டிட்டுப் போங்க."

அன்று சாயங்காலம் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனாள். வழக்கமாக எல்லோர் பெயரையும் வரிசையாகச் சொல்லி வேண்டுகிறவள், அன்று கோமதியம்மன் சந்நிதியில் யார் பெயரையும் சொல்லவில்லை. "என்ன வந்தாலும் எம்மேல வரட்டும் தாயே" என்றாள். பிரசாதம் வாங்கினோம். வழியெல்லாம் பொரிகடலை கேட்டேன், வாங்கித் தந்தாள்.

மறுநாள் விடிந்ததும் குடத்தைத் தூக்கிக்கொண்டு புது அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். தண்ணீர் விழும் சத்தம் உடனே வரவில்லை. பிறகு வந்தது. அன்றிலிருந்து தினமும் அவள்தான் அதில் குளித்தாள். நாங்கள் எல்லோரும் பழையபடி தட்டிக்குள். நான் ஒருநாள் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே நுழையப் பார்த்தபோது, பிடித்து வெளியே இழுத்தாள்.

"எம்மா, நானும் குளிக்கேன்."

"ஏட்டி, நீ போகாத. கொஞ்ச நாள் போகட்டும்."

"புது அறைய விட மனசு வரல ஒங்க அம்மைக்கு" என்று மாமா கேலி செய்தார். அம்மா குளித்துவிட்டு வந்து வெயிலில் நின்று தன் கையையும் காலையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். நிறம் மாறிவிட்டதா என்று பார்ப்பதுபோல இருக்கும். வீட்டில் எல்லோருக்காகவும் கட்டிய அறையைத் தனக்கே வைத்துக்கொண்டாளே என்று எனக்குக் கோபம். அப்பாவிடம் சொன்னேன். அவர் பேப்பரைத் திருப்பினார்.

புரட்டாசியில் வளைகாப்பு முடிந்து, கை நிறைய வளையலோடு அக்கா வண்டியிலிருந்து இறங்கினாள். மறுநாள் காலை அம்மா வெந்நீர் விளாவி, அறைக்குள் அண்டாவை வைத்தாள். அக்கா நிலைப்படியில் கதவைப் பிடித்தபடி, புதுத் தரையைப் பார்த்துத் தயங்கி நின்றாள்.

"காலை வையி. ஒண்ணும் ஆகாது. இத்தன நாளும் நான் குளிச்சுப் பாத்துட்டேன்" என்றாள் அம்மா.

தரை வழுக்காது என்று சொல்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.