பேரூராட்சி வராண்டாவில் காய்ந்த ஜாக்கெட்டுகள்

சித்திரையில் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று என் வாசலில் காலிக் குடத்தை வைத்துவிட்டுப் போனவர்கள்தாம், ஐப்பசியில் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது என்று அதே வாசலில் வந்து நின்றார்கள். வார்டு கவுன்சிலர் காலண்டர் வாங்கத் தேவையில்லை. எதற்காகத் திட்டு விழுகிறது என்று காது கொடுத்துக் கேட்டாலே இது எந்த மாதம் என்று தெரிந்துவிடும்.

பாலக்கோடு தாலுகாவில், தக்காளி வண்டிகள் நாளெல்லாம் போய்வரும் ஒரு சின்னப் பேரூராட்சி எங்களுடையது. என் கணவர் பல வருடம் கட்சிக்குப் போஸ்டர் ஒட்டிக் காத்திருந்த வார்டைப் பெண்களுக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். கட்சி அவரைப் பார்த்தது, அவர் என்னைப் பார்த்தார், நான் அடுப்பில் பொங்கிய பாலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படித் தொடங்கியது என் அரசியல் வாழ்க்கை. ஜெயித்த அன்று முதல் மாலை அவர் கழுத்தில்தான் விழுந்தது. மிச்சமிருந்த ஒன்றை எனக்குப் போட்டார்கள். அதில் பாதிப் பூ உதிர்ந்திருந்தது.

இது போன ஐப்பசியில் நடந்தது. அதற்குச் சில மாதம் முன்பு எங்கள் வார்டுக்குப் புதிய சாக்கடை கட்டினார்கள். பஸ் ஸ்டாண்டு ரோட்டில் ஆரம்பித்து, ஊருக்கெல்லாம் ஜாக்கெட் தைக்கும் டைலர் அக்கா குடியிருக்கும் தெரு வழியாகப் போய், ஊருக்குக் கீழே இருக்கும் ஓடையில் சேர வேண்டும். ஓடைக்குப் போகும் வாய்க்காலை மண் போட்டு மேவித் தக்காளி நட்டிருந்தார் ஒருவர். அவர் பேரூராட்சித் துணைத் தலைவரின் சம்பந்தி. "எங்காட்டுல ஒரு சொட்டு வுட மாட்டேன்" என்று அவர் சொன்னதும், கான்ட்ராக்டர் அந்த இடத்தில் குறுக்கே காங்கிரீட் சுவர் ஒன்றை எழுப்பிச் சாக்கடையை முடித்துவிட்டார். பூச்சு நன்றாக இருந்தது. தலைவர் ரிப்பன் வெட்டினார். உள்ளே வரும் தண்ணீர் எந்த வழியாக வெளியே போகும் என்பதை மட்டும் யாரும் கேட்கவில்லை.

நான் கேட்டேன். மன்றக் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டேன்.

"எஸ்டிமேட்ல இவ்ளோதாங்க மேடம். மீதி அடுத்த திட்டத்துல வரும்" என்றார் இன்ஜினியர்.

"அதுவரைக்கும் மழைய நிக்கச் சொல்லலாங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். தலைவர் இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சிரித்தார். "நீ உக்காரும்மா. உங்க வூட்டுக்காரர்கிட்ட நான் பேசிக்கறேன்" என்றார். அப்புறம் முறுக்கும் டீயும் வந்தது. புதிய சாக்கடைக்காகத் தலைவருக்கு நன்றி தெரிவித்து ஒரு தீர்மானம் போட்டார்கள். ஒருமனதாக நிறைவேறியது என்று எழுதினார்கள். அந்த ஒரு மனதில் என் மனதும் அடக்கம் போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்தால் கணவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். "கூட்டத்துல எதுக்கு நீ பேசற?" என்றார். பேசாமல் இருப்பதற்கு ஓட்டுக் கேட்டு வீடு வீடாகக் கும்பிட்டிருக்க வேண்டியதில்லையே என்று நினைத்தேன். சொல்லவில்லை. அன்றைக்குப் பேச வேண்டியதைக் கூட்டத்திலேயே பேசித் தீர்த்திருந்தேன்.

மழை எஸ்டிமேட்டைப் படிக்கவில்லை. தீபாவளிக்கு முந்தின வாரம் கொட்டித் தீர்த்தது. காலையில் டைலர் அக்கா போன் செய்தாள். "வந்து பாருங்க" என்ற இரண்டு வார்த்தைதான்.

போய்ப் பார்த்தேன். சுவர் வரை போன தண்ணீர் அங்கே வேலையில்லாமல் திரும்பி, வந்த வழியெல்லாம் வீடு வீடாக நுழைந்திருந்தது. அவள் வீட்டுக்குள் முழங்கால் மட்டத்துக்குக் கறுப்புத் தண்ணீர். தையல் மெஷினைக் கட்டில் மேல் ஏற்றிவிட்டு, அதன் பக்கத்திலேயே அவளும் குந்தியிருந்தாள். ஊரில் பாதிப் பெண்களின் தீபாவளி ஜாக்கெட்டுகள் அவள் கையில்தான் இருந்தன. தைத்தது, தைக்காதது, அளவுக்குக் கொடுத்தது எல்லாம் மூட்டையோடு சாக்கடையில் ஊறிப்போயிருந்தன. புருஷன் இல்லாமல் இரண்டு பெண்களைப் படிக்க வைப்பவள். வருடத்தில் அவளுக்கு நாலு காசு சேர்வது இந்த மாதத்தில்தான்.

"அலசிரலாங்க அக்கா. ஆனா எங்க காயப் போடறது? வூட்ல எடமில்ல, மொட்ட மாடி இல்ல, மேல பார்த்தா வானம் இப்படி இருக்குது" என்றாள்.

நானும் சுற்றிப் பார்த்தேன். அந்தப் பகுதியிலேயே நனையாத, மேடான, விசாலமான இடம் ஒன்றே ஒன்றுதான் கண்ணில் பட்டது. எங்கள் பேரூராட்சி அலுவலகம். தங்கள் சாக்கடையின் குணம் தெரிந்தே கட்டினார்களோ என்னவோ, அதற்கு மட்டும் ஆள் உயரத்துக்கு அஸ்திவாரம். முன்னால் நீளமான வராண்டா, தூணுக்குத் தூண் நல்ல இடைவெளி.

"வா, கொடி கட்டலாம்" என்றேன்.

என் வீட்டில் வைத்து அலசினோம். அன்றைக்குப் பார்த்துக் குழாயில் தண்ணீர் பீச்சியடித்தது. தெருப் பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். வராண்டாவில் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி ஜாக்கெட்டுகளைத் தொங்கவிட்டோம். அதைப் பார்த்து மற்றவர்கள் பாயையும் தலையணையையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வரி கட்டுகிற ஜன்னலுக்கு நேராக யாரோ ஒரு பெரிய மெத்தையைச் சாய்த்து வைத்தார்கள்.

செயல் அலுவலர் ஜீப்பிலிருந்து இறங்கியவர் அப்படியே நின்றுவிட்டார். ஒரு மஞ்சள் ஜாக்கெட்டை விரலால் விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"என்ன மேடம் இது? கவர்மெண்டு ஆபீசுங்க."

"தெரியுங்க சார். கவர்மெண்டு சாக்கடையில நனஞ்சதுங்க. அதான் இங்கயே காயட்டும்னு கொண்டாந்தோம்."

அவர் என் கணவருக்குப் போன் போட்டார். கணவர் எனக்குப் போன் போட்டார். நான் எடுக்கவில்லை. என் இரண்டு கையிலும் துணி இருந்தது.

மதியத்துக்குள் சேதி ஊரெல்லாம் பரவிவிட்டது. தங்கள் துணி என்ன ஆயிற்று என்று பெண்கள் கும்பல் கும்பலாக வந்து கயிற்றில் தேடினார்கள். வந்தவர்கள் டைலரைத் திட்டத்தான் வந்தார்கள். அவள் ஒவ்வொருவரையும் கூட்டிப்போய் அந்தக் காங்கிரீட் சுவரைக் காட்டிவிட்டு வந்தாள். திரும்பி வந்தபோது திட்டு வேறு பக்கம் திரும்பியிருந்தது.

கடைசியாகத் தலைவரின் மனைவி காரில் வந்து இறங்கினார். அவருடைய ஊதா நிறப் பட்டு ஜாக்கெட், தலைவர் அறையின் கதவுக்கு நேர் எதிரே தொங்கிக்கொண்டிருந்தது. சரிகையில் கறுப்புக் கறை. சத்தியமாக அதை அங்கே நான் மாட்டவில்லை. மாட்டியவளை எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். அந்த அம்மா அதைக் கையில் எடுத்து மோந்து பார்த்தார். பிறகு எல்லார் முன்னாலும் போனை எடுத்தார்.

"ஏங்க, நீங்க ரிப்பன் வெட்டுனீங்களே, அந்தச் சாக்கடைத் தண்ணி என் பட்டுல இருக்குதுங்க. வந்து பார்த்துட்டுப் போங்க."

மன்றத்தில் நான் நின்று கேட்டபோது அடுத்த திட்டத்துக்குப் போன வேலை, மறுநாள் காலையிலேயே ஜேசிபியாக வந்து நின்றது. சுவரை இடித்தார்கள். தக்காளிக் காட்டின் ஓரமாக வாய்க்காலைத் தோண்டி ஓடையில் சேர்த்தார்கள். சம்பந்தி கொஞ்ச நேரம் கத்திப் பார்த்தார். துணைத் தலைவர் அன்றைக்குத் தர்மபுரியில் கல்யாணம் என்று போய்விட்டார். தலைவர் மஞ்சள் தலைக்கவசம் போட்டுக்கொண்டு ஜேசிபி பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். சாயங்காலமே 'மக்கள் துயர் துடைத்த' என்று ஃபிளெக்ஸ் வந்தது. அதில் தலைவர் பெரிதாகவும் என் கணவர் நடுத்தரமாகவும் இருந்தார்கள். மூலையில் தீப்பெட்டி அளவில் ஒரு பெண் இருந்தாள். கிட்டப் போய்ப் பார்த்தேன். நான்தான்.

டைலர் அக்காவால் எல்லாத் துணியையும் காப்பாற்ற முடியவில்லை. ஒரு துணியின் சாயம் இன்னொன்றில் ஒட்டியது ஒட்டியதுதான். சிலர் அடுத்த டைலரிடம் போய்விட்டார்கள். பலர் போகவில்லை. தீபாவளி அன்றைக்குப் பழைய ஜாக்கெட்டோடு புதுப் புடவை கட்டிய பெண்களைத் தெருவுக்குத் தெரு பார்த்தேன். ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். தேர்தலில் ஜெயித்த அன்றுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கவில்லை.

கார்த்திகையில் இன்னொரு மழை. குடையோடு போய்ப் பார்த்தேன். தண்ணீர் ஓடையைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. டைலர் அக்கா வாசலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா ஓடுதுங்க அக்கா" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. உடனே, "ஆனா நாத்தம் தாங்கல. கொசு வேற. மேல மூடி போடலைன்னா எப்படிங்க, இதுகூடவா கவுன்சிலருக்குத் தெரியாது?" என்றாள்.