கைகாட்டிக்கு அப்புறம் பஸ் இல்லை

ஆண்டிமடத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன் வேலை கிடைத்திருப்பதாக என் மனைவிக்குத் தகவல் வந்தபோது எங்கள் பெண்ணுக்கு எட்டு மாதம். பிரசவத்துக்குப் போன மனைவி விக்கிரமங்கலத்தில் தன் அம்மா வீட்டிலேயே இருந்தாள். நான் பெரம்பலூரில் ஒரு சின்ன சாப்ட்வேர் ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டு, பக்கத்திலேயே ரூம் எடுத்துத் தங்கி, சனிக்கிழமை சாயங்காலம் பைக்கில் விக்கிரமங்கலம் போய்த் திங்கள்கிழமை காலையில் திரும்புகிற ஆளாக இருந்தேன். குழந்தை பாட்டிலைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். காலையில் போய் இருட்டி ரொம்ப நேரம் ஆவதற்குள் வீடு திரும்ப முடிந்தால் அவளுக்கு அந்த வேலை உண்டு. முடியாவிட்டால் இல்லை.

"நேர் பஸ் கெடையாதுங்க மாப்ள" என்றார் மாமனார். வண்டி ஓட்டத் தெரியாத அவருக்கு உலகத்தில் இரண்டு வகை ஊர்கள்தான். நேர் பஸ் உள்ள ஊர், நேர் பஸ் இல்லாத ஊர். இரண்டாவது வகை ஊரில் கல்யாணம் என்றால்கூட மொய்க்கவரை யாரிடமாவது கொடுத்து அனுப்பிவிடுவார்.

ஸ்கூட்டியில் போகலாம் என்றால் அவள் ஆபரேஷன் செய்து பிள்ளை பெற்ற உடம்பு. அந்த ரோட்டில் சிமெண்ட் லாரியும் சுண்ணாம்புக்கல் லாரியும் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு போகும். அந்தப் பேச்சை எடுத்ததுமே மாமியார் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

கர்ப்பமாக இருந்தபோதும் வயிற்றின்மேல் புத்தகத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டு அந்த வேலைக்குப் படித்தவள் என் மனைவி. குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே என்னிடம் ஒன்றுதான் சொன்னாள். "போவ முடியாதுன்னு நீங்க சொன்னா வுட்டுடறேன். ஆனா பாக்காம சொல்லாதீங்க."

பார்ப்பது என்றால் எனக்குத் தெரிந்தது ஒரே வழிதான். பள்ளிக்கூடங்களுக்கும் அரிசி மில்களுக்கும் மென்பொருள் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. பிஎச்பி மொழியில், ஒரு ஃப்ரேம்வொர்க்கை, அதாவது முன்பே யாரோ கட்டிவைத்த சட்டகத்தை, வைத்துக்கொண்டு எழுதுவோம். தகவல் எல்லாம் டேட்டாபேஸ் என்ற கிடங்கில் டேபிள் டேபிளாக, கட்டம் போட்ட பட்டியல்களாகக் கிடக்கும். இந்த டேபிளை அந்த டேபிளோடு பொருத்திக் காட்டு என்றால் ஜாயின். இன்னின்னதை மட்டும் விட்டுவை, மற்றதைத் தள்ளு என்றால் ஃபில்டர். வகைவாரியாகக் கட்டுக் கட்டாகப் பிரி என்றால் குரூப். அம்புக்குறி போட்டுப் போட்டு ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினால், ஃப்ரேம்வொர்க் அதை ஒரு கேள்வியாக்கி டேட்டாபேஸிடம் கேட்டு வந்து பதில் சொல்லும். குவெரி என்பது அந்தக் கேள்விதான். வருஷக்கணக்கில் எழுதி எழுதி எனக்கு அது மாவரைப்பது மாதிரி ஆகியிருந்தது. வேலையில் சேர்வதற்கும் நம் ஊரில் ஜாயின் பண்ணுவது என்றே பெயர் என்பதுகூட அந்த வாரம்தான் எனக்கு உறைத்தது.

பஸ் நேரங்களைச் சேர்க்க ஆரம்பித்தேன். பெரம்பலூரில் இருப்பவனுக்கு ரயில் கிடையாது, பஸ்தான் கதி, அதனால் கண்டக்டர்களிடம் பேச்சுக் கொடுப்பது எனக்குக் கஷ்டமில்லை. பஸ் ஸ்டாண்டுகளில் எழுதி வைத்திருக்கும் கால அட்டவணைகளைப் போனில் படம் பிடித்தேன். பஸ் என்றால் உயிரை விடுகிற பையன்கள் சிலர் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். அதில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். "எதுக்குங்க மாப்ள இந்த வேண்டாத வேல" என்று கேட்ட மாமனாரே அடுத்த வாரம் விக்கிரமங்கலம் டீக்கடையில் உட்கார்ந்து மினிபஸ் நேரங்களை வாய்ஸ் மெசேஜில் அனுப்பத் தொடங்கினார். ஒவ்வொரு மெசேஜும் "ஹலோ" என்று ஆரம்பித்து "வெச்சுடறேங்க" என்று முடியும்.

டேபிள் ரொம்பச் சாதாரணமானது. ஒரு வரிக்கு ஒரு பஸ், ஏறுமிடம், இறங்குமிடம், இரண்டுக்கும் நேரம். ஆச்சரியம் இதற்கு அப்புறம்தான். இந்த ஒரே டேபிளை இரண்டு முறை எடுத்து, ஒன்றுக்கு முதல் பஸ் என்றும் மற்றதுக்கு இரண்டாம் பஸ் என்றும் பேர் வைத்து, இரண்டையும் ஜாயின் பண்ணலாம். முதல் பஸ் நிற்கும் இடத்தில் இரண்டாம் பஸ்ஸும் நின்றால் அந்த ஜோடியைக் காட்டு என்று கேட்கலாம். ஒரு டேபிள் தன்னோடு தானே சேர்வது என்பதைக் கல்லூரியில் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தேன். எதற்கு என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

முதல் தடவை ஓட்டியபோது நேரத்தை ஃபில்டர் பண்ண மறந்துவிட்டேன். ஜெயங்கொண்டத்தில் ராத்திரி இறங்கி, அன்று காலையிலேயே புறப்பட்டுப் போய்விட்ட பஸ்ஸில் ஏறிக்கொள் என்றது. இரண்டாம் பஸ் புறப்படும் நேரம் முதல் பஸ் வந்து சேரும் நேரத்துக்குப் பிந்தியதாக இருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தேன்.

இரண்டாம் தடவை, விக்கிரமங்கலத்தில் மினிபஸ் ஏறினால் டீ குடிக்கிற நேரத்தில் ஆண்டிமடம் போய்விடலாம் என்று பதில் வந்தது. குழம்பிப்போய்த் தேடினேன். கைகாட்டியால் வந்த வினை அது. எங்கள் பக்கம் நாலு ரோடு பிரிகிற இடத்தில் ஊர்ப்பெயர்ப் பலகை ஒன்று நட்டிருந்தால் அந்த இடத்துக்குப் பேர் கைகாட்டி. விக்கிரமங்கலம் ரோடு பிரிகிற இடமும் கைகாட்டி, ஆண்டிமடத்துக்குப் பக்கத்தில் யாரோ ஒரு கண்டக்டர் சொன்ன நிறுத்தமும் கைகாட்டி. நான் பேரை வைத்து ஜாயின் பண்ணியதால் டேட்டாபேஸ் இரண்டு கைகாட்டிகளையும் ஒரே இடமாக்கி, ஒன்றில் இறங்கியவரை இன்னொன்றில் ஏற்றிவிட்டது.

மனைவியிடம் போனில் சொன்னேன். "பறந்து போவச் சொல்லுதா? சரி, டிக்கெட் எவ்வளவாம்?" என்றாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான்.

திருத்த உட்கார்ந்தபோதுதான் ஒன்று புரிந்தது. விக்கிரமங்கலம் பிரிகிற இடத்துக்கு வாய்ப்பேச்சில்தான் சும்மா கைகாட்டி, எழுதும்போது யாரும் அப்படி எழுதுவதில்லை. பஸ் போர்டில் வி.கைகாட்டி என்று இருக்கும். ஆளுக்கு இருப்பதுபோல ஊருக்கு ஓர் இனிஷியல். சின்ன வயதிலிருந்து அந்த 'வி'யைப் பார்த்து வருகிறேன். ஒரே பேரில் இரண்டு வரி இருந்தால் பிரித்தறிய ஓர் அடையாளம் வேண்டும் என்று எங்களுக்கு ஒரு செமஸ்டர் முழுக்கப் பாடம் எடுத்தார்கள். கம்ப்யூட்டரே இல்லாத காலத்தில் போர்டு எழுதிய யாரோ ஒருவர் அதை ஓர் எழுத்தில் முடித்துவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு அவரைக் கும்பிட வேண்டும்போல இருந்தது.

ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் தனி எண் கொடுத்த பிறகு ஓட்டினால் பதில் மூட்டை மூட்டையாக வந்து கொட்டியது. இந்த பஸ்ஸுக்கு அந்த பஸ், அந்த பஸ்ஸுக்கு இன்னொரு பஸ். அதை நிறுத்தவாரியாகக் குரூப் பண்ணினேன். காலை நேரத்தை மட்டும் ஃபில்டர் செய்து பார்த்தேன், பிறகு சாயங்காலத்தை மட்டும். காலையில் சின்ன ஊர்களிலிருந்து எல்லாம் கிளம்புகிற பஸ்கள் அரியலூரிலும் ஜெயங்கொண்டத்திலும் வந்து குவிகின்றன. சாயங்காலம் அதே வரிகள் திரும்பிக்கொண்டு ஊர் ஊராகக் கலைகின்றன. ஒரு டிரைவருக்குத் தன் பஸ் தெரியும். ஒரு டீக்கடைக்காரருக்குத் தன் கடை வாசல் தெரியும். இரண்டு மாவட்டம் மொத்தமாகக் கிளம்பிப் போய் மொத்தமாக வீடு திரும்புவதை ஒரே இடத்தில் உட்கார்ந்து பார்க்கிற பேறு எனக்குக் கிடைத்தது. நான் எழுதியது என்னவோ ஏழெட்டு வரிதான். ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லிப் பார்த்தேன். குவெரி மெதுவாக ஓடுகிறதா என்று கேட்டார்.

மூன்று பஸ் வரைக்கும் ஜாயின் பண்ணி, ஒன்பது மணிக்கு முன்னால் ஆண்டிமடம் சேர்வதை மட்டும் கேட்டேன். பதில் வந்தது. விக்கிரமங்கலத்தில் மினிபஸ், வி.கைகாட்டியில் மாறி ஜெயங்கொண்டம். அங்கே பஸ் ஸ்டாண்டுக்குப் போகக் கூடாது, நாலு ரோட்டிலேயே இறங்க வேண்டும். விருத்தாசலம் போர்டு மாட்டிய பஸ் ஒன்று, ஸ்டாண்டுக்குள் நுழையாமல் அங்கே நின்று ஆண்டிமடம் வழியாகப் போகிறது. ஸ்டாண்டில் நின்று ஆண்டிமடம் பஸ் எப்போது என்று கேட்பவருக்கு அப்படி ஒரு பஸ் இருப்பதே தெரியாது. போனை எடுத்து மாமனாரிடம் சொன்னேன். "விருத்தாசலம் வண்டியில போயி எறங்கறதா" என்றார், நான் ஏதோ சட்டத்தை மீறச் சொன்னதுபோல.

போக வழி கிடைத்த சந்தோஷத்தில் திரும்பி வர வழி கேட்டேன். ஒரு வரிகூட வரவில்லை.

எதையோ தப்பாக எழுதிவிட்டேன் என்று நேரங்களைத் தளர்த்தினேன், திருப்பித் திருப்பி ஓட்டினேன். காலித் திரைதான். சாதாரண ஜாயினுக்கு ஒரு குணம் உண்டு. ஜோடி கிடைக்காத வரியை அது காட்டவே காட்டாது. அப்படி ஒருத்தி கிளம்பினாளா, எதுவரைக்கும் வந்தாள் என்பதைக்கூடச் சொல்லாமல் அழித்துவிடும். எனக்கு அந்த நிமிஷத்தில் அதன்மேல் நிஜமான கோபம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அப்புறம் விக்கிரமங்கலத்து வீட்டுக் கூடத்தில் லேப்டாப்பை விரித்தேன். பதில் சொல்ல ஆண்டிமடத்தில் கொடுத்திருந்த கெடு மறுநாளோடு முடிகிறது. மனைவி குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஜாயின் என்பதை லெஃப்ட் ஜாயின் என்று மாற்றி ஓட்டினேன். ஜோடி கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, இடது பக்கத்து வரியை அப்படியே காட்டு, வலது பக்கத்தைக் காலியாக விடு என்பது அதன் பொருள். காலி இடத்தில் நல் (NULL) என்று ஓர் ஆங்கிலச் சொல் வரும். பூஜ்யம்கூட இல்லை, எதுவுமே இல்லை என்று அர்த்தம்.

இப்போது அவள் திரையில் வந்தாள். ஆண்டிமடத்தில் ஏறி, ஜெயங்கொண்டத்தில் மாறி, நன்றாக இருட்டிய பிறகு வி.கைகாட்டியில் இறங்கினாள். அதற்குமேல் நல்.

"இது என்னது?" என்று மனைவி அந்தக் கட்டத்தைக் காட்டிக் கேட்டாள்.

"கைகாட்டிக்கு அப்புறம் பஸ் இல்ல. கடைசி மினிபஸ் அதுக்கு முன்னாடியே போயிடுது."

"அவ்வளவுதானா? மத்ததெல்லாம் இருக்கா?"

"மத்ததெல்லாம் இருக்கு."

அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு, இதைக் கேட்பதற்கு இவ்வளவு யோசித்தாளா என்று நினைக்கும்படி மெதுவாகக் கேட்டாள். "நீங்க வர்றத இதுல போட்டீங்களா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. பெரம்பலூர் பஸ் எல்லாம் டேபிளில் இருந்தது. அரியலூரில் மாறினால் அதே வி.கைகாட்டி வழியாகத்தான் வர வேண்டும், அந்த பஸ்ஸும் இருந்தது. அந்த ரோட்டில் எந்த பஸ் எத்தனை மணிக்கு நிற்கும் என்று தெரிந்தவன், அதில் ஒன்றில் நான் தினமும் ஏறலாம் என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை. என் பைக் பெரம்பலூரில் ரூமுக்குக் கீழே வாரம் முழுக்கச் சும்மா நின்றது. அது கைகாட்டியில் நின்றால் போதும்.

"காலையில உனக்கு முன்னாடியே கெளம்பணும். ஆபீஸ்ல நேரத்த மாத்திக் கேக்கணும்" என்றேன்.

"கேளுங்க" என்றாள்.

டேபிளில் ஒரு புது வரி சேர்த்தேன். பஸ் பேர் என்ற இடத்தில் வண்டி என்று போட்டேன். ஏறுமிடம் வி.கைகாட்டி, இறங்குமிடம் விக்கிரமங்கலம். புறப்படும் நேரத்தைக் காலியாக விட அந்த டேபிள் ஒப்புக்கொள்ளாது. மற்ற எல்லாவற்றுக்கும் யாரோ குறித்துவைத்த நேரம் உண்டு, இது மட்டும் அவள் வந்தால்தான் கிளம்பும். அவள் பஸ் வந்து சேரும் நேரத்துக்கு ஒரு நிமிஷம் கூட்டிப் போட்டேன். லெஃப்டை எடுத்துவிட்டுச் சாதாரண ஜாயினாகவே ஓட்டினேன். ஒரே ஒரு வரி வந்தது. ஆண்டிமடத்திலிருந்து எங்கள் வீட்டு வாசல் வரைக்கும், நடுவில் எங்கும் அறுபடாமல். நான் பிழைப்புக்காக ஆயிரம் குவெரி எழுதியிருக்கிறேன். ஒரு பதிலைப் பார்த்துக் கண் கலங்கியது அன்றைக்குத்தான். மனைவி குழந்தையை என் மடியில் போட்டுவிட்டுப் போய்த் தன் சான்றிதழ்களைத் தேட ஆரம்பித்தாள்.

அவள் வேலையில் சேர்ந்த முதல் நாள் சாயங்காலம் அரியலூரைத் தாண்டியதும் லாரிகள் வரிசைகட்டி நின்று என் பஸ் நகரவே இல்லை. வி.கைகாட்டியில் நான் இறங்கியபோது அவள் எனக்கு முன்பே வந்து வண்டியின் சீட்டில் கை வைத்துக்கொண்டு நின்றாள். பையை மார்போடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தாள். அதையும் மீறிச் சுடிதாரின் முன்பக்கம் பாலில் நனைந்து தெரிந்தது. நான் லாரிகளைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"பேசறத வூட்ல போயி பேசிக்கலாம். எடுங்க" என்றாள்.

வண்டியை எடுத்தேன்.